பெல்ட்டின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது?

மல்பெரித் தோட்டமும் கத்தியும்

கொள்ளேகால் பட்டுக்குப் பேர் பெற்ற ஊர். இன்று அது கர்நாடகத்தில் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு வரை அது சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டம் ஆனது. மாவட்டம் மாறியது. ஆனால் பட்டுத் தொழில் மாறவில்லை.

பட்டுப்புழு மல்பெரி இலையைத் தின்று வளர்கிறது. புழு சிறியதாக இருக்கும்போது முழு இலையைத் தின்னாது. இலையைப் பொடியாக நறுக்கிப் போட வேண்டும். அதற்குக் கூரான கத்தி வேண்டும். மொண்ணைக் கத்தியால் நறுக்கினால் இலை நசுங்கும். நசுங்கிய இலை சீக்கிரம் வாடும். வாடிய இலையைப் புழு விரும்பாது.

மல்பெரிச் செடியைக் கவாத்து செய்யும்போதும் கூரான கத்தி வேண்டும். மொண்ணைக் கத்தி பட்டால் கிளை பிளந்துவிடும். பட்டை உரியும். பிளந்த இடத்தில் செடிக்கு நோய் வரலாம்.

ஆகவே ஒரு கத்தி கெட்டால் கத்தி செய்தவருக்கு மட்டும் நட்டம் இல்லை. அதை வாங்கிய விவசாயிக்கும் நட்டம். ஒரு முறை ஏமாந்தவர் மறுபடியும் அந்தப் பட்டறைக்கு வருவாரா? வரமாட்டார்.

நல்ல கத்தி செய்ய நல்ல எஃகு வேண்டும். நல்ல சம்மட்டி அடி வேண்டும். நல்ல தோய்ச்சலும் வேண்டும். இவை கொல்லர்களுக்குத் தெரிந்தவையே. இப்போது பல பட்டறைகளில் பெல்ட் கிரைண்டர் என்ற இயந்திரமும் வந்திருக்கிறது. அதைப் பயன்படுத்த இன்னும் இரண்டு தெரிய வேண்டும். ஒன்று, எழுத்தும் எண்ணும் படிப்பது. மற்றொன்று, கொஞ்சம் கணக்குப் போடுவது. இந்தப் பாடத்தில் அந்த இரண்டையும் பார்ப்போம்.

சாணைக்கல்லில் இருந்து பெல்ட் வரை

முன்பு கத்தியைத் தேய்க்க அரமும் சாணைக்கல்லும் மட்டுமே இருந்தன. சாணைக்கல்லை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? குருந்தக்கல்லைப் பொடி செய்வார்கள். அந்தப் பொடியை அரக்கில் கலப்பார்கள். வட்டமாகத் தட்டிச் சாணை ஆக்குவார்கள்.

குருந்தக்கல் மிகவும் கடினமானது. இயற்கையில் கிடைக்கும் கற்களில் வைரத்துக்கு அடுத்த இடம் அதற்குத்தான். மாணிக்கமும் நீலக்கல்லும் கூடக் குருந்த வகையைச் சேர்ந்தவையே. காங்கேயத்துக்கு அருகே சிவன்மலைப் பகுதியிலும் இந்தக் கல் உண்டு.

இந்தக் கல்லை ஆங்கிலத்தில் கோரண்டம் என்கிறார்கள். அந்தச் சொல் நம்முடைய குருந்தம் என்ற சொல்லில் இருந்து போனதுதான்! 1890-களில் அமெரிக்காவில் ஒரு செயற்கை மணலைச் செய்தார்கள். அதற்குக் கார்போரண்டம் என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேரிலும் நம் குருந்தம் ஒளிந்திருக்கிறது. சென்னையில் 1954-இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் சாணைக்கற்களும் உப்புத்தாளும் செய்கிறது.

உப்புத்தாளைப் பார்த்திருப்பீர்கள். தாளின் மேல் மணல் ஒட்டியிருக்கும். கிரைண்டர் பெல்ட்டும் அப்படித்தான். ஆனால் தாளுக்குப் பதிலாகப் பெரும்பாலும் துணி இருக்கும். துணியின் இரண்டு முனைகளையும் சேர்த்து ஒட்டியிருப்பார்கள். அது வளையமாக இருக்கும். மோட்டார் அந்த வளையத்தைச் சுற்றும். கத்தியை அதன் மேல் வைத்தால் எஃகு தேயும்.

கத்தி செய்பவர்கள் பலர் பயன்படுத்தும் பெல்ட்டின் அகலம் 2 அங்குலம். அதன் சுற்று நீளம் 72 அங்குலம். வேறு அளவுகளும் உண்டு. உங்கள் இயந்திரத்துக்கு எந்த அளவு என்று அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெல்ட்டின் முதுகைப் படிப்போம்

பெல்ட்டின் ஒரு பக்கம் மணல் இருக்கும். மறுபக்கம் துணி இருக்கும். அந்தத் துணிப் பக்கத்தைப் பெல்ட்டின் முதுகு என்று சொல்லலாம். முதுகில் சில எண்களும் எழுத்துகளும் இருக்கும். ஒரு குறியும் இருக்கும். பலர் அவற்றைப் பார்ப்பதே இல்லை. நாம் பார்ப்போம்.

முதலாவது, எண். 36, 60, 120, 240, 400 என்று இருக்கும். இது மணலின் பருமனைச் சொல்லும் எண். மணலைச் சல்லடையில் சலித்துப் பிரிக்கிறார்கள். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண் உள்ள சல்லடை என்பதில் இருந்து இந்த எண்கள் வந்தன. கண் குறைவாக இருந்தால் ஒவ்வொரு கண்ணும் பெரியது. அதில் பெரிய மணல் விழும். கண் அதிகமாக இருந்தால் ஒவ்வொரு கண்ணும் சிறியது. அதில் பொடி மணல்தான் விழும்.

ஆகவே, எண் சிறியது என்றால் மணல் பெரியது. எண் பெரியது என்றால் மணல் சிறியது. இதை மாற்றி நினைத்துவிடாதீர்கள்.

இரண்டாவது, ஆங்கில எழுத்து. எண்ணுக்கு முன்னால் கம்பத்தில் கட்டிய கொடி போல ஓர் எழுத்து இருக்கலாம். அது பி. ஐரோப்பிய முறைப்படி மணல் சலிக்கப்பட்டது என்று அதற்குப் பொருள்.

வேறோர் எழுத்து துணியின் கனத்தைச் சொல்லும். தூண்டில் முள் போல இருந்தால் அது ஜே. அது மெல்லிய துணி. நன்றாக வளையும். கைப்பிடியின் வளைவுகளைத் தேய்க்க ஏற்றது. பெருக்கல் குறி போல இருந்தால் அது எக்ஸ். அது கனத்த துணி. அலகைத் தட்டையாகத் தேய்க்க ஏற்றது. கவண் கொம்பு போல இருந்தால் அது ஒய். அது இன்னும் உறுதியான துணி. கடுமையான வேலைக்கு ஏற்றது.

மூன்றாவது, அம்புக்குறி. பெல்ட் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று அது காட்டும். அம்பு காட்டும் திசையிலேயே பெல்ட்டை மாட்ட வேண்டும். மாற்றி மாட்டினால் சில பெல்ட்டுகளில் ஒட்டிய இடம் பிய்ந்துவிடும். ஓடும்போது பிய்ந்த பெல்ட் சாட்டை போல அடிக்கும்.

நான்காவது, மணலின் வகை. இதைக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மணலின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி நிறம் கொடுக்கும்.

அலுமினியம் ஆக்சைடு: இதுவும் குருந்தமும் ஒரே பொருள்தான். ஆனால் இது ஆலையில் செய்தது. விலை குறைவு. எல்லா வேலைக்கும் ஓரளவு ஏற்றது.

சிர்கோனியா: உறுதியானது. முரட்டு வேலைக்கு ஏற்றது.

செராமிக்: கடினமான எஃகையும் வேகமாக வெட்டும். விலை அதிகம். அழுத்தித் தேய்த்தால் இதன் மணல் உடையும். உடைந்த இடத்தில் புதிய கூர் வரும். அழுத்தாமல் தடவினால் கூர் வராது. மணல் மழுங்கிப் பளபளக்கும்.

சிலிக்கன் கார்பைடு: மிகவும் கூரானது. ஆனால் எளிதில் உடையும். கல், கண்ணாடி, கடைசி மெருகு ஆகியவற்றுக்கு ஏற்றது.

எந்த வேலைக்கு எந்த எண்?

36 அல்லது 60: அலகுக்கு உருவம் கொடுக்க. சரிவு எடுக்க.

120: முரட்டுக் கோடுகளை அழிக்க.

240: அலகை மழமழப்பாக்க.

400: மெருகு கொடுக்க.

தோட்டக் கத்திக்கு 120 அல்லது 240 போதும். சமையல் கத்திக்கு 400 வரை போகலாம்.

ஒவ்வோர் எண்ணும் எஃகின் மேல் கோடு போடும். 36 ஆழமான கோடு போடும். அந்தக் கோட்டை 60 அல்லது 120 அழிக்கும். 400 அழிக்காது. ஆகவே எண்களைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மாடிக்கு ஒவ்வொரு படியாகத்தானே ஏறுகிறோம்? இதுவும் அப்படித்தான். எண் மாறும்போது கத்தியைச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். புதுக் கோடு குறுக்கே விழும். பழைய கோடு போயிற்றா என்று கண்ணுக்குத் தெரியும்.

மாமாவும் மருமகனும்

ஒரு பட்டறையில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம். மாமா அனுபவம் உள்ள கொல்லர். மருமகன் தொழில் பழகுகிறார்.

“மாமா, இந்தக் கத்தியைக் கொஞ்சம் பாருங்க. நேத்துதான் செஞ்சேன். நல்லாத் தோய்ச்சல் போட்டேன். இன்னைக்கு நாலு கட்டு மல்பெரி நறுக்கினதும் முனை மழுங்கிப் போச்சுங்க.”

“எஃகு எங்கே வாங்கினே, மாப்பிள்ளை?”

“லாரி ஸ்பிரிங் பட்டைதானுங்க. எப்பவும் வாங்குற கடையிலதான்.”

“எஃகு நல்லதுதான். தோய்ச்சலுக்கு அப்புறம் எதுல தேய்ச்சே?”

“பழைய 120 பெல்ட்ல தேய்ச்சேனுங்க. மணல் தேஞ்சு போயிருந்தது. அதனால கொஞ்சம் அழுத்திப் பிடிச்சேன். மோட்டாரும் முழு வேகத்துல ஓடிச்சு.”

“முனை நீலமாச்சா?”

“ஒரு இடத்துல ஆச்சுங்க. ஆனா அதை நான் தேய்ச்சு எடுத்துட்டேனே!”

“நிறத்தை எடுத்துட்டே மாப்பிள்ளை. போன பதத்தை எப்படிக் கொண்டு வருவே?”

மருமகன் யோசித்தார். பெல்ட்டில் மிச்சம் பிடிக்கப் பார்த்தார். ஆனால் கத்தியே வீணாகப் போயிற்று.

நிறம் சொல்லும் சூடு

மாமா சொன்னது என்ன? அதைப் புரிந்துகொள்வோம்.

கத்தி எஃகில் கொஞ்சம் கரி கலந்திருக்கிறது. அதனால்தான் எஃகு கடினமாகிறது. எஃகை உலையில் செம்பழுப்பாகக் காய்ச்சுகிறோம். காந்தம் ஒட்டாத அளவுக்குச் சூடு ஏற வேண்டும். அது சுமார் 770 டிகிரி. அதற்குச் சற்று மேல் காய்ச்சி, எண்ணெயில் முக்குகிறோம். எஃகு கடினமாகிறது. ஆனால் கண்ணாடி போல உடையும் தன்மையும் வருகிறது. அதைப் போக்க, சுமார் 200 டிகிரி சூட்டில் மறுபடியும் மெல்லக் காய்ச்சுகிறோம். இப்போது கத்தி கடினமாகவும் இருக்கும், எளிதில் உடையாமலும் இருக்கும். இதுதான் பதம்.

தேய்க்கும்போது முனை இந்தச் சூட்டைத் தாண்டிவிட்டால் பதம் போய்விடும். எஃகு தன் நிறத்தால் இதை நமக்குச் சொல்லும்.

வெளிர்மஞ்சள்: சுமார் 220 டிகிரி. எச்சரிக்கை!

பழுப்பு: சுமார் 255 டிகிரி. முனை மெதுவாகத் தொடங்கிவிட்டது.

ஊதா: சுமார் 280 டிகிரி.

நீலம்: சுமார் 300 டிகிரி. அந்த இடத்தில் பதம் போய்விட்டது.

நிறம் எஃகின் மேல்தோலில் மட்டும்தான் இருக்கும். லேசாகத் தேய்த்தால் மறைந்துவிடும். ஆனால் மெதுவான எஃகு அப்படியே இருக்கும். அந்த இடம் முழுவதையும் தேய்த்து எடுக்க வேண்டும். அல்லது கத்திக்கு மறுபடியும் தோய்ச்சல் போட வேண்டும்.

கத்தியின் முதுகு கனமானது. அது சூட்டைத் தாங்கும். முனை மெல்லியது. மூன்று நான்கு நொடியிலேயே அது நீலமாகிவிடும். கத்தியின் வேலை முழுவதும் முனையில்தானே இருக்கிறது?

சூடு ஏன் வருகிறது? இரண்டு காரணங்கள் முக்கியமானவை. ஒன்று, தேய்ந்த பெல்ட். கூரான மணல் எஃகைச் சீவி எடுக்கும். மழுங்கிய மணல் எஃகைச் சீவாது, உரசும். உரசினால் சூடுதான் வரும். மற்றொன்று, அதிக வேகம்.

வேகம் என்றால் என்ன?

மோட்டாரின் மேல் ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதில் ஆர்.பி.எம். என்று எழுதியிருக்கும். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது அதன் பொருள். நம் நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் மோட்டார்கள் இரண்டு வகை. ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 1,440 சுற்றுச் சுற்றும். மற்றொன்று சுமார் 2,880 சுற்றுச் சுற்றும்.

ஆனால் எஃகைத் தேய்ப்பது மோட்டார் அல்ல, பெல்ட். பெல்ட் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதுதான் நமக்கு வேண்டும். அதற்கு ஒரு கணக்கு உண்டு.

பெல்ட்டைச் சுற்றும் சக்கரத்தின் குறுக்களவை அளந்துகொள்ளுங்கள். அது 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை 3.14 ஆல் பெருக்குங்கள். சக்கரத்தின் சுற்றளவு கிடைக்கும்.

10 × 3.14 = 31.4 சென்டிமீட்டர்.

சக்கரம் ஒரு முறை சுற்றினால் பெல்ட் 31.4 சென்டிமீட்டர் நகரும். நிமிடத்துக்கு 1,440 முறை சுற்றினால்?

31.4 × 1,440 = 45,216 சென்டிமீட்டர்.

100 சென்டிமீட்டர் ஒரு மீட்டர். ஆகவே பெல்ட் நிமிடத்துக்குச் சுமார் 452 மீட்டர் ஓடும். இதை 60 ஆல் வகுத்தால் ஒரு நொடிக்குச் சுமார் ஏழரை மீட்டர்.

அதே சக்கரத்தை 2,880 மோட்டாரில் மாட்டினால் வேகம் இரண்டு மடங்கு ஆகும். நொடிக்கு 15 மீட்டர்.

சக்கரத்தைப் பெரிதாக்கினாலும் வேகம் கூடும். 15 சென்டிமீட்டர் சக்கரத்தை 2,880 மோட்டாரில் மாட்டினால் நொடிக்குச் சுமார் இருபத்திரண்டரை மீட்டர் ஓடும்.

எந்த வேலைக்கு எந்த வேகம்?

தோய்ச்சலுக்கு முன் உருவம் கொடுக்க: நொடிக்கு 15 முதல் 25 மீட்டர். அப்போது எஃகு சூடானாலும் பரவாயில்லை. இன்னும் பதம் ஏறவில்லையே! புதிதாகப் பழகுபவர்கள் 15 மீட்டரில் தொடங்கலாம்.

தோய்ச்சலுக்குப் பின் முனையைத் தேய்க்க: நொடிக்கு 5 முதல் 8 மீட்டர்.

மரக் கைப்பிடியைத் தேய்க்க: இதே மெதுவான வேகம். வேகமாக ஓட்டினால் மரம் கருகும்.

கையில் பிடித்துச் சுழற்றும் சிறிய கிரைண்டர் பல பட்டறைகளில் இருக்கும். அதில் 10 சென்டிமீட்டர் தட்டு மாட்டுவார்கள். அது நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்றுச் சுற்றும். கணக்குப் போட்டால் தட்டின் விளிம்பு நொடிக்குச் சுமார் 57 மீட்டர் ஓடும். பதம் ஏறிய முனைக்கு அது ஆகாது. அந்தத் தட்டின் மேலும் ஓர் எண் இருக்கும். அந்தத் தட்டைச் சுற்றக்கூடிய மிக அதிக வேகம் அது. இயந்திரத்தின் வேகம் அந்த எண்ணைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தட்டு வெடித்துச் சிதறும்.

வேகத்தைக் குறைப்பது எப்படி?

மோட்டாரில் சிறிய புல்லியை மாட்டுங்கள். கிரைண்டரின் தண்டில் பெரிய புல்லியை மாட்டுங்கள். வேகம் குறையும். எவ்வளவு குறையும்? மோட்டாரின் சுற்றை மோட்டார்ப் புல்லியின் அளவால் பெருக்க வேண்டும். வந்த விடையைத் தண்டில் உள்ள புல்லியின் அளவால் வகுக்க வேண்டும்.

மோட்டார் 1,440 சுற்று. மோட்டார்ப் புல்லி 3 அங்குலம். தண்டுப் புல்லி 6 அங்குலம்.

1,440 × 3 ÷ 6 = 720 சுற்று.

வேகம் பாதியாகிவிட்டது. படிப்படியாக உள்ள புல்லியை மாட்டினால் இரண்டு மூன்று வேகம் கிடைக்கும். புல்லி பெல்ட்டை மாற்றும் முன் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள்.

வி.எஃப்.டி. என்ற மின்கருவியும் உண்டு. அதில் ஒரு குமிழைத் திருப்பினால் வேகம் கூடும், குறையும். பெரும்பாலும் மூன்று பேஸ் மோட்டாருக்குத்தான் அது பொருந்தும். மின் வேலை தெரிந்தவரைக் கொண்டே அதை மாட்ட வேண்டும். ஃபேன் ரெகுலேட்டரைக் கிரைண்டர் மோட்டாருக்கு மாட்டாதீர்கள். மோட்டார் சூடாகி எரிந்துவிடும்.

ஒரு கத்தி, படிப்படியாக

1. அலகை அடித்து உருவம் கொடுங்கள். உலையில் காய்ச்சிய எஃகின் மேல் கரிய செதில் இருக்கும். அது புதுப் பெல்ட்டைக் கெடுக்கும். பழைய பெல்ட்டால் முதலில் அந்தச் செதிலை எடுங்கள். பழைய பெல்ட்டுக்கு ஏற்ற வேலை இதுதான்.

2. 36 அல்லது 60 எண் பெல்ட்டை மாட்டுங்கள். சரிவை எடுங்கள். முனையை மெல்லியதாக்க வேண்டாம். சுமார் 1 மில்லிமீட்டர் கனம் விட்டு வையுங்கள். மெல்லிய முனை தோய்ச்சலில் வளையும், வெடிக்கும்.

3. 120 எண் பெல்ட்டால் முரட்டுக் கோடுகளை அழியுங்கள். ஆழமான கோடு இருந்தால் தோய்ச்சலில் அங்கேயே விரிசல் விழலாம்.

4. தோய்ச்சல் போடுங்கள். பிறகு மெல்லக் காய்ச்சிப் பதம் கொடுங்கள்.

5. இப்போது வேகத்தைக் குறையுங்கள். புதிய பெல்ட்டை மாட்டுங்கள். அருகில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

6. கத்தியைத் தண்ணீரில் நனைத்து ஒரு முறை தேயுங்கள். உடனே மறுபடியும் நனையுங்கள். முனையில் இருக்கும் ஈரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஈரம் காயத் தொடங்கினால் கத்தியை எடுத்துவிடுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தாமல் சீராக இழுங்கள்.

7. வேண்டிய எண் வரை தேய்த்த பின், கடைசிக் கூரைக் கையால் சாணைக்கல்லில் தீட்டுங்கள். கையால் தீட்டினால் முனையில் சூடு ஏறாது.

உடம்பைக் காப்போம்

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்று ஒரு நகரம் இருக்கிறது. கத்திக்கும் முள்கரண்டிக்கும் உலகம் முழுவதும் பேர் பெற்றது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே மணற்கல் சாணைகளில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள். தண்ணீர் விடாமல் உலர்வாகத் தேய்த்தவர்கள் கல் தூசியைச் சுவாசித்தார்கள். அவர்களின் நுரையீரல் கெட்டது. முள்கரண்டி தேய்த்தவர்களில் பலர் நாற்பது வயதைக் கூடத் தாண்டவில்லை. தண்ணீர் விட்டுத் தேய்த்தவர்களுக்கு இந்த நோய் குறைவாக இருந்தது.

நாம் இன்று பயன்படுத்துவது மணற்கல் அல்ல. ஆனாலும் எஃகுத் தூசியும் மணல் தூசியும் நுரையீரலுக்குக் கெடுதலே. துண்டை மூக்கில் கட்டினால் நுண்ணிய தூசி நிற்காது. தூசிக்கென்று செய்த முகக்கவசம் போடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். குழந்தைகளைப் பட்டறைக்குள் விடாதீர்கள்.

கண்ணாடி அணியாமல் கிரைண்டர் முன் நிற்காதீர்கள். ஒரு பொறி போதும், கண் போய்விடும்.

தொங்கும் துண்டு, முந்தானை, அவிழ்ந்த கூந்தல் எதுவும் பெல்ட்டின் பக்கம் போகக் கூடாது. துணிக் கையுறை வேண்டாம். பெல்ட் அதைப் பிடித்துக் கையையே இழுத்துவிடும். வெறும் கையில் பிடித்தால் கத்தியின் சூடும் உங்களுக்குத் தெரியும்.

கிரைண்டரில் இருந்து தீப்பொறி பறக்கும். பக்கத்தில் மரத்தூள், எண்ணெய்த் துணி, பெட்ரோல் எதுவும் இருக்கக் கூடாது.

புதுப் பெல்ட் மாட்டியதும் முதலில் கையால் சுற்றிப் பாருங்கள். அது சக்கரத்தின் நடுவில் ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு சற்று ஒதுங்கி நின்று சுவிட்சைப் போடுங்கள்.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

கடைக்குப் போகும்போது இதைச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: அகலம், நீளம், எண், துணி, மணல் வகை. “பெல்ட் ஒன்று கொடுங்கள்” என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கையில் கிடைப்பதைக் கொடுப்பார். கொடுத்த பெல்ட்டின் முதுகை நீங்களே படித்துப் பாருங்கள். சீட்டில் உள்ளதும் பெல்ட்டில் உள்ளதும் ஒன்றா? இல்லை என்றால் மாற்றிக் கேளுங்கள். காசு கொடுப்பவர் நீங்கள்தானே?

பெல்ட்டை மடித்து வைக்காதீர்கள். மடித்த இடம் உடையும். ஈரம் படாத இடத்தில் உருண்டையான கட்டையில் தொங்கவிடுங்கள்.

ஒரு நோட்டில் கணக்கு எழுதுங்கள். ஒரு பெல்ட் எத்தனை கத்திக்கு வந்தது? அதன் விலை எவ்வளவு? விலையைக் கத்திகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு கத்திக்கு ஆகும் பெல்ட் செலவு தெரியும். அந்தச் செலவைக் கத்தியின் விலையோடு ஒத்துப் பாருங்கள். விலை கூடிய பெல்ட் சில சமயம் இலாபமாக இருக்கும். விலை குறைந்த பெல்ட் சில சமயம் நட்டமாக இருக்கும். உங்கள் நோட்டே உங்களுக்கு உண்மையைச் சொல்லும்.

நினைவில் கொள்வோம்

எண் சிறியது என்றால் மணல் பெரியது.

தேய்ந்த பெல்ட் சீவாது, சுடும்.

தோய்ச்சலுக்கு முன் வேகம், தோய்ச்சலுக்குப் பின் நிதானம்.

நீலம் வந்தால் பதம் போயிற்று.

கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

பயிற்சி

அ. விடை சொல்லுங்கள்.

1. இளம் பட்டுப்புழுவுக்கு இலையை ஏன் கூரான கத்தியால் நறுக்க வேண்டும்?

2. குருந்தக்கல்லால் முன்பு என்ன செய்தார்கள்?

3. மருமகன் செய்த கத்தி ஏன் மழுங்கியது? அவர் என்ன செய்திருக்க வேண்டும்?

4. ஷெஃபீல்டு தொழிலாளர்களுக்கு என்ன நேர்ந்தது?

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.

1. 36 எண் பெல்ட்டின் மணல் 120 எண் பெல்ட்டின் மணலைவிட ______.

2. பெருக்கல் குறி போல இருக்கும் எழுத்து ______ துணியைக் குறிக்கும்.

3. எஃகு நீலமாகும் சூடு சுமார் ______ டிகிரி.

இ. கணக்குப் போடுங்கள்.

1. சக்கரத்தின் குறுக்களவு 20 சென்டிமீட்டர். மோட்டார் 1,440 சுற்று. பெல்ட் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் ஓடும்? நொடிக்கு எத்தனை மீட்டர்? பதம் ஏறிய முனைக்கு இந்த வேகம் ஏற்றதா?

2. மோட்டார் 1,440 சுற்று. மோட்டார்ப் புல்லி 2 அங்குலம். தண்டுப் புல்லி 4 அங்குலம். தண்டு நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றும்?

(விடை: 1. நிமிடத்துக்குச் சுமார் 904 மீட்டர், நொடிக்குச் சுமார் 15 மீட்டர், ஏற்றது அல்ல. 2. 720 முறை.)

ஈ. செய்து பாருங்கள்.

உங்கள் ஊர்ப் பட்டறைக்கோ இரும்புக் கடைக்கோ போங்கள். ஓர் உப்புத்தாளின் முதுகையோ பெல்ட்டின் முதுகையோ பாருங்கள். அதில் உள்ள எண்ணையும் எழுத்தையும் நோட்டில் எழுதுங்கள். அது எந்த வேலைக்கு ஏற்றது என்று உங்கள் படிப்பு மையத்தில் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.